பூந்தொட்டியில் ஒட்டிய தெரு

முன்பெல்லாம் எங்கள் தெருவுக்கு இரண்டு முனைகள் இருந்தன. ஒரு முனை பஸ் போகிற ரோட்டில் போய் முட்டும், இன்னொரு முனை முந்திரிக்காட்டைப் பார்த்ததும் போதும் என்று நின்றுவிடும், நடுவில் இந்தப் பக்கம் ஆறு அந்தப் பக்கம் ஏழு என்று பதிமூன்று வீடுகள். விருத்தாசலத்தில் இந்த மாதிரித் தெரு நூறு இருக்கும். ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மூன்று மணி சுமாருக்கு, அமுதவல்லி அக்கா சபீனா வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து ஒரு சிமெண்டுப் பூந்தொட்டியின் வயிற்றில் பன்னிரண்டாவது டைல்ஸ் துண்டை வைத்து அழுத்தினாள், அழுத்திய கையை எடுப்பதற்குள் எங்கள் தெரு வட்டமாகிவிட்டது.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, தரை ஆடவில்லை, ஒரு டம்ளர்கூட விழவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் எப்போதும் தெரிகிற வேப்பமரம் போய், ரோஸ்லின் டீச்சர் கொடியில் காயப்போட்ட போர்வை தெரிந்தது. டீச்சர் வீடு எதிர்ச்சாரியில் மூன்று வீடு தள்ளியல்லவா இருக்கிறது என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே இன்னும் இரண்டு சட்டைகளை மடித்தேன். அடுப்பில் பால் வைத்திருந்ததால் அதைப் பற்றி உடனே யோசிக்க முடியவில்லை.

எல்லாம் அக்கா போனில் பார்த்த ஒரு வீடியோவால் வந்தது. செம்பருத்தி பட்டுப்போய் காலியாகக் கிடந்த பெரிய தொட்டி அவளிடம் இருந்தது, அதில் உடைந்த டைல்ஸை ஒட்டி மொசைக் மாதிரி செய்து தெருப் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தால் பார்க்கிறவர்கள் மூக்கில் விரலை வைப்பார்கள் என்று ஓர் ஆசை. வீடு கட்டினவர்கள் யாரும் மிஞ்சிய டைல்ஸைத் தூக்கிப் போடுவதில்லை. என்றைக்காவது ஒன்று உடையும், அன்றைக்கு அதே கலர் கடையில் கிடைக்காது என்று மாடிப்படிக்கு அடியில் நாலைந்தைச் சாத்திவைப்பார்கள், வீடு பழசாகும், பிள்ளைகள் கல்யாணமாகிப் போவார்கள், அந்த நாலைந்தும் சாத்தினது சாத்தினபடியே தூசி தட்டப்படாமல் இருக்கும். அக்கா வீடு வீடாகப் போய் ஆளுக்கு ஒன்று கேட்டாள். நாங்களும் இல்லையென்று சொல்லாமல் கொடுத்தோம்.

பழைய துண்டில் சுற்றி, சுத்தியலால் ஒரு போடு போட்டு, சிதறியதில் வீட்டுக்கு ஒரு நல்ல துண்டாகப் பொறுக்கி, டைல்ஸ் கம்மைத் தடவித் தடவி, தொட்டியின் வயிற்றைச் சுற்றி ஒரு பட்டையாக ஒட்டிக்கொண்டே வந்தாள். எங்கள் வீட்டு மஞ்சளுக்குப் பக்கத்தில் டீச்சர் வீட்டு நீலப்பூ, அதற்குப் பக்கத்தில் சபீனா வீட்டுப் பச்சை, இப்படிக் கண்ணுக்கு எது எதோடு சேர்ந்ததோ அந்த வரிசை. பட்டைக்கு மேலும் கீழும் உடைந்த வளையல், கைப்பிடி போன காபி கப்பு. தெருவில் யாருக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பூந்தொட்டிக்கு அதெல்லாம் யார் பார்ப்பார்கள்?

ஆக, அந்த வரிசையிலேயே வீடுகள் தோளோடு தோள் ஒட்டி வட்டமாக நின்றன, பழைய தார் ரோடு நடுவில் ஒரு தட்டு மாதிரிக் கிடந்தது. வீடுகளுக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், முந்திரிக்காடு இல்லை, வயல் இல்லை, வெறும் வெள்ளை. வட்டத்தில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு வீடு அகலத்துக்குச் சந்து இருந்தது, அதன் வழியாக மட்டும் பஸ் ரோடும் டீக்கடையும் தெரிந்தன. தொட்டியில் பார்த்தால் பன்னிரண்டு துண்டுக்கும் மிச்சமாக நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம். முதலில் கண்டுபிடித்தது சபீனாதான். தொட்டியையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அமுதாக்கா, நீங்க ஒட்டுன மாதிரிதான் நாங்க நிக்கிறோம். ஆனா உங்க வீட்டக் காணோமே?" என்றாள்.

அக்கா தன் வீட்டுத் துண்டை ஒட்டவில்லை. அந்தத் துண்டு, பழைய துணிக்குள், அவள் மடியிலேயே கிடந்தது. அவளுடைய வீடு எங்கும் இல்லை, வீட்டுக்குள் மத்தியானத் தூக்கத்தில் இருந்த அவள் புருஷன் தெய்வநாயகம் அண்ணனும் எங்கும் இல்லை. முப்பது வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர், வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

அக்கா அவருக்குப் போன் போட்டாள். இரண்டாவது ரிங்கில் எடுத்துவிட்டார்.

"எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான். ஏன்?"

"வாசக்கதவத் தொறந்து பாருங்க."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "வெள்ளையா இருக்குது அமுதா. காலை வெச்சா வழுக்குது" என்றார். பிறகு, "காப்பித்தூள் எந்த டப்பாவுல வெச்சிருக்க?" என்று கேட்டார்.

முதல் நாள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நான் டீச்சர் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்து அரிசியைக் களைந்து உலையில் போட்ட பிறகுதான் அது என் குக்கர் இல்லை என்று பார்த்தேன். பால்காரர் எந்த வீட்டில் ஆரம்பித்தோம் என்று தெரியாமல் இரண்டு சுற்றுச் சுற்றி எல்லோருக்கும் இரண்டு தடவை பால் ஊற்றினார். கிழக்குப் பார்த்த வீடு என்று வாங்கினவர்கள் இப்போது எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்று போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு வாசலில் சுற்றினார்கள், ஒவ்வொரு வீட்டு வாசலும் ஒவ்வொரு பக்கம் காட்டியதால் சாமி அலமாரிகள் ஹாலுக்கும் ரூமுக்கும் நடந்தபடி இருந்தன. குடியிருப்போர் சங்கத் தலைவர் தணிகாசலம் பாவம், இருபது வருஷமாக "நம்ம கார்னர் வீடு" என்றுதான் வாயைத் திறப்பார், வட்டத்தில் கார்னர் ஏது. அவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் பக்கத்துப் பிள்ளையார் கோயிலிலிருந்து சாமி புறப்பாடு வந்தது. சந்து வழியாக உள்ளே வந்த சாமி, வலமா இடமா என்று யோசித்து, வலமாகவே சுற்றி, எந்த வீட்டில் முடிப்பது என்று தெரியாமல் மறுபடியும் சுற்றி, நாகஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கியதால் வெளியே போனது. எங்கோ ஒரு ஆபீசிலிருந்து ஒருவர் டேப் கொண்டுவந்து அளந்தார், "தெரு உள்ளது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்களுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. சாப்பிட்டுவிட்டு நடக்கிறவர்கள் திரும்பவே வேண்டியதில்லை, நடந்தால் வீடு தானாக வந்துவிடும். பிள்ளைகள் எங்கே விளையாடினாலும் எல்லா அம்மாக்களும் வாசலில் இருந்தே பார்க்கலாம். சபீனா வீட்டில் தாளித்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் பசிக்கும். நான்காம் நாளே நாங்கள் "தெருவுல" என்பதை விட்டு "வட்டத்துல" என்று பேச ஆரம்பித்திருந்தோம். எது முன்பு எங்கே இருந்தது என்பதில் வீட்டுக்குள்ளேயே சண்டை வந்தது, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வேப்பமரம் இடது பக்கமா வலது பக்கமா என்பதில் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

அமுதாக்கா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் இருந்தாள். நாங்கள் அவளை விழுந்து விழுந்து கவனித்தோம், வடை சுட்டோம், புதுத் தலையணை உறை போட்டோம், கவலைப்படாதீங்கக்கா என்று காலையும் மாலையும் சொன்னோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: அவ்வளவு அன்புக்கும் காரணம் பயம். பதிமூன்றாவது துண்டு ஒட்டப்பட்டால் அந்தச் சந்து அடைந்துபோகும், அது எல்லோருக்கும் தெரியும். அக்கா ஒருமுறை அந்தத் துண்டைக் கம் தடவாமல் வெற்றிடத்தில் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்தது போல அச்சாகப் பொருந்தியது. சந்தில் அவள் வீடு ஈரத்துணிக்குப் பின்னால் தெரிகிற மாதிரி மங்கலாகத் தெரிந்தது, டீக்கடை மறைந்தது, பஸ் ஹாரன் பாதியில் நின்றது. நெய்வேலிக்கு ஷிப்டுக்குப் போன டீச்சர் புருஷன் அப்போது வெளியே இருந்தார், டீச்சர் போட்ட கூச்சலில் அக்கா துண்டை வெடுக்கென்று எடுத்துவிட்டாள்.

அதனால் போன்தான். "ரசத்துக்கு எப்ப இறக்கணும்?" என்று அவர் கேட்பார், "நுரை கட்டி வந்ததும் இறக்கிடுங்க, கொதிக்க விடாதீங்க" என்று இவள் எங்கள் சமையலறையில் நின்று சொல்வாள், ஸ்பீக்கரில் போட்டிருப்பதால் அவர் ரசம் நுரைக்கிற சத்தம் எங்களுக்கும் கேட்கும். பெருங்காயம் எங்கே, மோட்டார் சுவிட்ச் எது, உன் மூக்குக் கண்ணாடி இங்கே இருக்கிறதே உனக்குக் கண் தெரிகிறதா, இப்படி நாலு நாளில் அவர் பேசினது முந்தைய நாலு வருஷத்தைவிட அதிகம். போனை வைத்ததும் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள், வியர்வை என்பாள்.

ஐந்தாம் நாள் அவள் எங்கள் வீட்டில் இருந்தபோது அவர் சொன்னார், "அமுதா, குழாய்ல காத்துதான் வருது. ரெண்டு குடம் இருக்குது, அவ்வளவுதான்."

உடனே சங்கம் கூடியது. தணிகாசலம் உளியும் சுத்தியலும் கொண்டுவந்து, தன் வீட்டுத் துண்டைக் கொஞ்சம் நகர்த்தினால் அக்கா வீட்டுக்கும் சந்துக்கும் இடம் வரும் என்று தியாகி மாதிரி முன்வந்தார். டைல்ஸ் கம் பிடித்தால் பிடித்ததுதான். ஒரு தட்டுத் தட்டினோம், அவர் வீட்டு ஹாலில் அலமாரியிலிருந்து சீலிங் வரைக்கும் விரிசல் ஓடியது, அவர் சம்சாரம் உள்ளேயிருந்து போட்ட சத்தத்தில் உளி கீழே விழுந்துவிட்டது.

"வேற ஒண்ணு பண்ணலாம்மா" என்றார் தணிகாசலம், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "ஒரு நாளைக்கு முழுசா ஒட்டி அடைச்சுடுவோம். கம்மு காஞ்சதும் அண்ணன் வெளிய வந்துடட்டும். அப்புறம் பேத்து எடுத்துடலாம். சந்து திரும்ப வந்துடும்."

"பேத்து எடுத்தா வீடு?"

அவர் தன் விரிசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "எங்க வீட்டுல இடம் இருக்கும்மா" என்றார்.

நல்ல மனிதர், மனசாரத்தான் சொன்னார். அக்கா என் சமையலறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். மடியில் அந்தத் துண்டு. ஈரல் கலர், அதில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி. அந்தக் கலரைப் பற்றி அக்கா எங்கள் எல்லோரிடமும் பதினெட்டு வருஷமாகப் புலம்பியிருக்கிறாள், கசாப்புக் கடையில் குடித்தனம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது என்பாள். அவள் போன் போட்டாள். நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன், கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள்.

"அமுதா, ஒண்ணு கேக்கவா?" என்றார் அவர் எடுத்த எடுப்பிலேயே. "பன்னெண்டு வீடும் ஒட்டிட்ட. நம்மளுது மட்டும் ஏன் விட்டுப்போச்சு? மறந்துட்டியா?"

எங்களிடம் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். நாங்களும் நம்பியிருந்தோம், ஊரையெல்லாம் எண்ணுகிறவர் தன்னை விட்டுவிடுவது நடக்கிறதுதான்.

"மறக்கல" என்றாள். "கையில எடுத்து வெச்சுப் பாத்தேன். அசிங்கமா இருந்துச்சு. தொட்டி பாக்க லட்சணமா இருக்கணும்னு வேணாம்னு விட்டுட்டேன். அந்தக் கலர் எனக்குப் புடிக்காது. வீடு கட்டுன நாள்லேர்ந்தே புடிக்காது."

அந்தப் பக்கம் அவர் ஃபேனை அணைக்கிற சத்தம் கேட்டது.

"எனக்கும் புடிக்காதுதான்" என்றார்.

"அப்புறம் எதுக்கு வாங்குனீங்க?"

"வீடு முழுக்கப் போடற அளவுக்கு அந்தக் கலர்தான் கடையில இருந்துச்சு. நீ வந்து பாத்த. ஒண்ணும் சொல்லல. சரி, உனக்குப் புடிச்சிருக்குபோலன்னு நானும் விட்டுட்டேன்."

தெருவில் பன்னிரண்டு வீட்டுக்கும் சொன்ன விஷயத்தை அக்கா அவர் ஒருவரிடம் மட்டும் சொல்லாமலே இருந்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தபடியே அழுதாள், எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பை அணைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வெட்டுனா?" என்றாள். "பாதியா வெட்டி ஒட்டுனா வீடும் இருக்கும், ஓரமா ஆள் போற அளவுக்கு வழியும் இருக்கும். எந்தப் பக்கத்த விடலாம், சொல்லுங்க."

"ஹால விட்டுடு" என்றார் அவர். "ஹால்ல உக்காந்து நாம என்னத்தப் பேசிட்டோம்."

சொல்வது சுலபம், டைல்ஸ் துண்டில் எது ஹால் எது சமையலறை என்று எழுதியா இருக்கிறது? புள்ளி புள்ளியாக எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. தொட்டியையும் டைல்ஸ் வெட்டுகிற கொறட்டையும் வட்டத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தோம், பன்னிரண்டு வீடும் வாசலுக்கு வந்துவிட்டது. அக்கா துண்டை உள்ளங்கையில் வைத்து, அதன் மேல் கட்டைவிரலை லேசாக வைத்துக்கொண்டு, "சமையக்கட்டுச் செவுத்தக் கரண்டியால தட்டுங்க" என்றாள்.

தட்டினார். அக்காவின் முகம் மாறியது. "தெரியுதுடி கோமதி" என்றாள் என்னிடம். "விரல்ல எறும்பு கடிக்கிற மாதிரி தெரியுது."

விரலை நகர்த்தி நகர்த்தித் தேடினாள். "இன்னும் உள்ள போங்க. உள்ள தள்ளிப் போங்க. ஓரத்துல எவ்வளவோ இடம் இருக்குது, இன்னும் உள்ள." முப்பது வருஷம் அவர் ஊரைப் பார்த்துச் சொன்னதை இவள் அவரைப் பார்த்துச் சொன்னதும் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், மற்றவர்கள் முறைத்தார்கள். கடைசியில் துண்டின் வலது ஓரத்தில், கிரைண்டர் இருக்கிற மூலையில், தட்டுவது பலமாகத் தெரிந்தது. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தாள், துண்டின் நடுவில் வெட்டுவதற்கு ஒரு கோடு போட்டாள்.

"அங்கதான். அங்கயே நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. கேக்குதா?"

"ம்."

கொறட்டை வைத்தாள். டைல்ஸ் கோடு போட்ட இடத்தில் உடைகிற சாமான் இல்லை, எங்கள் எல்லோருக்கும் அது தெரியும், டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டாள், சபீனா கண்ணை மூடிக்கொண்டாள். டப் என்றது. துண்டு இரண்டானது, கோட்டிலிருந்து கோணலாக, சாக்பீஸ் புள்ளியின் ஓரத்தை உரசிக்கொண்டு. போனில் பெண் குரல் ஒன்று, நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்றது.

அக்கா வலது பாதியை எடுத்துக் கட்டைவிரலை வைத்தாள். ஒன்றுமில்லை. அழுத்தி வைத்தாள். ஒன்றுமே இல்லை. மற்ற பாதியை சபீனா எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள், அதிலும் ஒன்றுமில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வழி வேண்டுமென்றால் ஒரு பாதியைத்தான் ஒட்ட முடியும், எது என்று கேட்க ஆளில்லை. அப்போது தணிகாசலம் வந்து அக்காவுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ரெண்டையும் ஒட்டிடுங்கம்மா. வழி அடைஞ்சா அடையட்டும், பாத்துக்கலாம்" என்றார். யாரும் மறுக்கவில்லை. ஐந்து நாளில் நாங்கள் அவளுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அந்த மறுக்காமல் இருந்ததுதான்.

அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "நான் நிக்கச் சொன்ன எடத்துலதான் நிப்பாரு" என்று சொல்லிவிட்டு, வலது பாதிக்குக் கம் தடவி ஒட்டினாள்.

கம் காய இருபத்துநாலு மணி நேரம். அவள் தொட்டியைவிட்டு நகரவில்லை, சோறு வைத்தோம், தொடவில்லை. சபீனா மிச்சத் துண்டை ஒரு டம்ளரில் போட்டு வைத்துக்கொண்டு, நடுநடுவே எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் போட்டாள். சந்தில் மறுநாள் காலைக்குள் சுவர் வந்தது, மத்தியானத்துக்குள் ஜன்னல் கம்பி வந்தது, பக்கவாட்டில் ஒரு ஆள் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற அளவுக்கு வழி நின்றது, டீக்கடை தெரிந்தது. வாசக்கதவு ஹாலோடு போய்விட்டது. சமையலறையின் பின்கதவுதான் இப்போது எங்களைப் பார்த்து இருந்தது. சாயந்திரம் நாலு மணிக்குக் கதவின் தாழ்ப்பாள் தெளிந்ததும் அக்கா எழுந்து போய்த் தட்டினாள்.

"ஏங்க."

பதில் இல்லை. நாங்கள் பன்னிரண்டு வீடும் அவளுக்குப் பின்னால் போய் நின்றோம். அவள் நெற்றியைக் கதவில் வைத்து, இரண்டு கையாலும் தட்டினாள், "ஏங்க, ஏங்க" என்றாள், அவர் பெயரை அவள் சொல்லி நாங்கள் கேட்டதில்லை, அதையும் சொன்னாள்.

உள்ளே மூலையிலிருந்து, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கரண்டியும் கையுமாக நின்ற மனிதரின் கம்மிப்போன குரல் வந்தது.

"இப்ப அசையலாமா அமுதா?"